மத்தியான வகுப்பு

முடிச்சு தப்பாக இருந்தது.

விடிந்து சற்று நேரத்தில் படகுத்துறைக்கு வந்த துடுப்பக்கா, முதல் தோணியின் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தவள் அப்படியே நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் தோணிகளைக் கட்டியது பிள்ளைகள்தான். ஆனால் ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். அவள் சொல்லிக்கொடுத்தது ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. இது அதுவல்ல. கயிறு தன்னைத்தானே மூன்று சுற்று சுற்றி, நடுவே நுழைந்து, நுனி எங்கே போயிற்று என்றே தெரியாமல் உள்ளுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. இழுத்தால் இன்னும் இறுகியது. மற்ற ஐந்து தோணிகளிலும் அதே முடிச்சு. கடைசியாகக் கட்டியிருந்த அவளுடைய தோணி மட்டும் அவள் விட்டுப்போனபடியே இருந்தது.

பதினெட்டு வருடமாகக் கயிற்றோடும் தண்ணீரோடும் புழங்குகிறவள் அவள். தெரியாத முடிச்சு ஒன்று உலகத்தில் இருக்கக்கூடாது என்றில்லை. ஆனால் அதைப் பத்து வயதுப் பிள்ளைகள் போட்டிருக்கக்கூடாது.

கோடை விடுமுறையில் இருபது நாள் நடக்கும் முகாம் அது. ஒரு பக்கம் காடு, மறு பக்கம் ஏரி, நடுவில் ஒரு நீளமான மரக் கட்டடம். பன்னிரண்டு பிள்ளைகள். தீக்குச்சி இல்லாமல் நெருப்பு உண்டாக்குவது, நிழலைப் பார்த்துத் திசை சொல்வது, தொடக்கூடாத இலையை அடையாளம் காண்பது, மரத்தில் துடுப்புச் செதுக்கி அதைக் கொண்டே தோணி ஓட்டுவது என்று பழைய காலத்து வித்தைகளையெல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். படகுப் பயிற்சி இவள் பொறுப்பு. முதல் நாளே பிள்ளைகள் வைத்த பெயர்தான் துடுப்பக்கா. மூன்றாம் நாளிலிருந்து சமையல்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காட்டு வித்தைகளைச் சொல்லிக்கொடுக்கும் இளைஞன் நெருப்பண்ணன். முகாமை நடத்தும் பெரியவர் கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும் என்பதால் அவர் விசில் சார்.

பிள்ளைகள் காக்காய்க் கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு துறைக்கு இறங்கி வந்தார்கள். முன்னால் வக்கீல். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவன் என்பதால் அந்தப் பட்டம்.

"டேய் வக்கீலு, இந்த முடிச்சு யாரு போட்டது?"

"நாங்கதான் அக்கா."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பரீட்சை வைக்கிறாளா, விளையாடுகிறாளா என்று யோசிப்பது போல.

"நீங்கதான்."

"நான் எப்படா சொல்லிக்குடுத்தேன்?"

"நேத்து. மத்தியானம்."

அவள் சிரித்தாள். கூட யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, ஏதோ சொல்லக்கூடாததை வக்கீல் உளறிவிட்டான் என்பது போல. பிறகு ஒரு சின்னக் கை நீண்டு வந்து, முடிச்சுக்குள் இரண்டு விரலை விட்டு லேசாகத் திருக, கயிறு பொலபொலவென்று அவிழ்ந்து விழுந்தது.

அந்தக் கை கொசுவினுடையது. துடுப்பக்காவின் அக்கா மகள். ஒன்பது வயது. எதைச் சொன்னாலும் காதுக்குள் வந்துதான் சொல்வாள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். முகாமுக்கு அனுப்ப அக்காவுக்கு மனசே இல்லை. 'தண்ணி பக்கத்துல இருக்குதுடி' என்று போனில் ஒரு மாதம் இழுத்தாள். 'நான் இருக்கேன்ல' என்று இவள்தான் வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்திருந்தாள்.

மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை பிள்ளைகள் கட்டாயம் படுத்துத் தூங்க வேண்டும். அது முகாமின் சட்டம். அந்த நேரத்தில் வகுப்பு எதுவும் கிடையாது.

அன்று காலை ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. தனித் தோணியில் முன்னால் போன துடுப்பக்கா, பின்னால் ஆறு தோணிகளும் வரும் சத்தத்தைக் காதால் அளந்துகொண்டே போவது வழக்கம். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் துடுப்பால் தண்ணீரை அறைவார்கள். பலகையில் இடிப்பார்கள். தண்ணீரை வாரி ஒருத்தர்மேல் ஒருத்தர் இறைத்துக்கொண்டு கத்துவார்கள். அந்தச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஏரியின் நடுவே, தன் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் மட்டுமே கேட்பதை உணர்ந்தபோது, பிள்ளைகள் களைத்துப்போய் எங்கோ பின்தங்கிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினாள்.

ஆறு தோணிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

பன்னிரண்டு துடுப்புகளும் ஒரே நேரத்தில் அசைந்தன. ஒன்றுகூடத் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. இழுத்து முடித்ததும் மணிக்கட்டு திரும்ப, துடுப்பின் தட்டை கத்தி மாதிரி தண்ணீருக்குள்ளேயே சாய்ந்து முன்னால் போய், மறுபடி இழுத்தது. ஓசையே இல்லை. அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் மிருகத்தின் காதில் விழாமல் நெருங்குவதற்காகத் துடுப்புப் போட்ட முறை அது. அவளுக்கே கைவர இரண்டு வருடம் ஆயிற்று. இந்தப் பிள்ளைகளிடம் அவள் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"யாரு... இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும் என்பதுதான் தண்ணீரில் அவள் கற்றுக்கொடுத்த முதல் பாடம். பன்னிரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார்கள்.

அன்று மத்தியானம் நெருப்பண்ணனோடு காட்டுக்குள் போனாள். கயிறு திரிப்பதற்கு மரப்பட்டை வேண்டியிருந்தது. வெயிலில் பட்டை உரிக்கும் வாசனையும், அவன் அடிக்கும் மொக்கை ஜோக்குகளும் சேர்ந்து மனசு கொஞ்சம் லேசாயிற்று. பிள்ளைகள் எங்கேயோ வீடியோவில் பார்த்திருப்பார்கள், சேர்ந்து தன்னைக் கலாய்க்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்றரை மணிக்குத்தான் திரும்பினார்கள்.

அலுவலக அறையில் விசில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலில் ஏரி முழுவதும் தெரியும்.

"என்னம்மா, தூங்குற நேரத்துலயும் பிள்ளைகளை விடமாட்டேங்குற? சட்டம் சட்டம்தான், ஆனாலும் பரவால்ல. ரொம்ப நல்லாப் பண்றாங்க. பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"எப்ப சார்?"

"இப்பத்தான். ரெண்டு, ரெண்டரை இருக்கும். கோரைப் புல் பக்கமா நின்னு ஏதோ விளக்கிட்டிருந்தியே."

"சார், நான் அண்ணன்கூடக் காட்டுல இருந்தேன்."

"ஆமா சார், பட்டை உரிச்சிட்டு இருந்தோம்," என்றான் நெருப்பண்ணன், கையிலிருந்த கட்டைத் தூக்கிக் காட்டி.

விசில் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தண்ணியில வெயில் அடிச்சா ஒண்ணு ரெண்டாத் தெரியும். எனக்கும் வயசாச்சுல்ல," என்று சிரித்தார். ஆனால் டீ டம்ளரைக் கீழே வைத்தபோது அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியதை அவள் கவனித்தாள்.



மறுநாள் மத்தியானம் அவள் எங்கும் போகவில்லை. பிள்ளைகள் தூங்கும் நீண்ட கூடத்தின் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே பன்னிரண்டு கட்டில்களிலும் போர்வைகள் புடைத்துக்கொண்டிருந்தன. ஒரு மணி. ஒன்றரை. மரச்சுவர்கள் வெயிலில் காய்ந்து அவ்வப்போது சடக்கென்று முறிவது போல ஒலித்தன. சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஓடும் தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரின் வாசனை, பாசியும் ஈர மண்ணும் கலந்த வாசனை, கூடத்துக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. அவள் எழுந்து அதைத் தொடர்ந்து உள்ளே போனாள்.

இவ்வளவு நேரமும் ஒரு பிள்ளைகூடப் புரண்டு படுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் போர்வையை விலக்கினாள். தலையணை. இரண்டாவது. சுருட்டிய துணி. கடைசிக் கட்டிலுக்கு அப்பால் பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது. அதன் சட்டத்தில் சின்னச் சின்னக் கால் தடங்கள்.

ஓடினாள். சரிவில் சறுக்கி, கையைச் சிராய்த்துக்கொண்டு, துறையின் பலகை அதிர ஓடிப்போய் நின்றாள். தூரத்தில், கோரைப் புல் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், ஆறு தோணிகள் அரைவட்டமாக நின்றன. அவற்றுக்கு முன்னால் ஏழாவது. அவளுடைய தோணி. அதில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை. ஓரம் பிய்ந்த தொப்பி. பாடம் சொல்லும்போது இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் காற்றில் கோடு போடுவது துடுப்பக்காவின் பழக்கம். அந்தப் பெண்ணும் இடுப்பில் கை ஊன்றியிருந்தாள். காற்றில் கோடு போட்டாள்.

"கொசு! வக்கீலு! டேய்! எல்லாரும் கரைக்கு வாங்க!"

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நீலச் சட்டைக்காரி உட்கார்ந்து துடுப்பை எடுத்தாள். ஏழு தோணிகளும் ஓசையில்லாமல் கோரைப் புல்லுக்குப் பின்னால் போய் மறைந்தன.

விசில் சாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது தோணிகள் துறையில் கட்டியிருந்தன. பிள்ளைகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விசில் சார் ஒரு பையனின் நெற்றியைத் தொட்டார். பிறகு அடுத்த பிள்ளையை. பன்னிரண்டு தலைகளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. சட்டைகள் காய்ந்திருந்தன.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனிதர் நல்லவர். பேயா பிசாசா என்றெல்லாம் ஆராய்ச்சி செய்யாமல், செய்ய வேண்டியதை மட்டும் யோசித்தார்.

"யாரோ ஒரு பொம்பளை உன்ன மாதிரியே டிரஸ் பண்ணிட்டு வந்து பிள்ளைகளை இழுக்கப் பார்க்குறா. எதுக்குன்னு தெரியல. போலீசுக்குச் சொல்லிடறேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு பஸ் வரச் சொல்றேன். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவோம். தோணியெல்லாம் சங்கிலி போட்டுப் பூட்டு. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

ஏழு தோணிகளுக்கும் சேர்த்துச் சங்கிலி போட்டு அவளே பூட்டினாள். சாவியை அவர் கையில் கொடுத்தாள். சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வந்து, கரையோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, காலையில் ஆட்களோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் கொசுவைத் தனியாகக் கூப்பிட்டு, சமையற்கட்டின் பின்வாசல் படியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். உள்ளே சமையல்காரர் வெங்காயம் நறுக்கும் சத்தம் சீராகக் கேட்டது. மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது.

"கொசு, சித்திகிட்ட உண்மையைச் சொல்லு. மத்தியானம் உங்களைக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"நீங்கதான் சித்தி."

"நான் இல்லடா. நல்லா யோசிச்சுப் பாரு. அவங்க பேசுறது என்ன மாதிரியே இருக்குதா?"

கொசு தரையைக் கால் பெருவிரலால் கீறிக்கொண்டிருந்தாள். "மத்தியானம் நீங்க திட்டவே மாட்டீங்க. கதையெல்லாம் சொல்வீங்க. மூச்சு விடாம இருக்குறது எப்படின்னு சொல்லிக்குடுத்தீங்க. முதல்ல வலிக்கும், அப்புறம் வலிக்காதுன்னீங்க. வலிக்கல."

துடுப்பக்கா குழந்தையின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாரு. நாம ரெண்டு பேரும் ஒரு ரகசியம் வச்சுக்குவோம். இனிமே நான் எப்பக் கூப்பிட்டாலும், முதல்ல ஒரு கேள்வி கேளு. சின்ன வயசுல உங்கம்மா எனக்கு வச்ச பட்டப்பேரு என்னன்னு கேளு. அது உங்கம்மாவுக்கும் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். சரியாச் சொன்னாத்தான் நான். சொல்லலைன்னா கிட்டப் போகாத, கத்து. சரியா?"

கொசு மெல்லத் தன் தோள்களை விடுவித்துக்கொண்டாள். ஒரு படி கீழே இறங்கினாள். இன்னொரு படி.

"என்னடா?"

"அவங்க சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"நீங்க என்னைத் தனியாக் கூப்பிடுவீங்கன்னு. அந்தப் பேரைக் கேட்கச் சொல்வீங்கன்னு." குழந்தையின் உதடு நடுங்கியது. "அவங்க நேத்தே சொல்லிட்டாங்க சித்தி. அந்தப் பேரையும் சொன்னாங்க."

உள்ளே வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. கொசு திரும்பி, கூடத்தை நோக்கி ஓடினாள். பயந்து ஓடும் ஓட்டம் அது. பயந்தது தன்னைப் பார்த்துத்தான் என்பது புரியத் துடுப்பக்காவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. அவள் கூடத்துக்குள், பிள்ளைகளின் கட்டில்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்களில் பலகை அடித்தாயிற்று. நெருப்பண்ணன் வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தான். விடியும்வரை பன்னிரண்டு மூச்சுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நிலைகொள்ளவில்லை. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நரைத்த வெளிச்சம் பலகை இடுக்கில் தெரிந்தபோது, பன்னிரண்டு மூச்சும் இருந்தன. பிழைத்தோம் என்று நினைத்தாள்.

ஆறரைக்குப் பிள்ளைகள் எழுந்து பை கட்ட ஆரம்பித்தார்கள். யாரும் அவளிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். கண்ணில் மணல் விழுந்தது போல எரிந்தது. வெளியே ஏரியிலிருந்து மூடுபனி எழும்பி, படிகள்வரை வந்து நின்றிருந்தது.

"அண்ணா, முகத்தைக் கழுவிட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம். வாசலை விட்டு நகராதீங்க."

"போயிட்டு வாங்கக்கா. நான் எங்க போகப் போறேன்?"

குழாயடி கட்டடத்தின் பக்கவாட்டில். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. இரண்டு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். கழுத்தைத் துடைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது நெருப்பண்ணன் வாசலில்தான் நின்றான். சொன்ன இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

அவனுக்குப் பின்னால் கூடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு பைகளும் வரிசையாக இருந்தன.

"பிள்ளைங்க எங்க?"

அவன் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"நீங்கதானேக்கா... இப்பத்தானே... முகம் கழுவிட்டு ஈரத்தோட வந்தீங்களே. தலையெல்லாம் சொட்டிட்டு இருந்துச்சே. பஸ் வர்றதுக்குள்ள கடைசியா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றோம், சாரே சாவி குடுத்துட்டாருன்னு காட்டினீங்களே..."

அவள் தலை நனைந்திருக்கவில்லை. முகம் மட்டும்தான்.

ஓடினாள். பின்னால் அவன் விசில் சாரைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது. நாலு எட்டில் மூடுபனி அந்தச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது. துறையில் சங்கிலி பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. பூட்டு உடையவில்லை, திறந்திருந்தது. ஏழு தோணிகளும் இல்லை. துறையோரக் கொட்டகைச் சுவரின் ஆணிகளில் பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளும் வரிசை தப்பாமல் தொங்கின.

கொட்டகைக்குள் அடிப்பலகை விரிசல் விட்ட பழைய தோணி ஒன்று கிடந்தது. அதைத் தள்ளி இறக்கினாள். ஏறியதுமே பாதத்தில் தண்ணீர் ஏறியது. துடுப்பை அழுத்தினாள். கரை காணாமல் போயிற்று. மேலே, கீழே, நாலு பக்கமும் வெள்ளை. திசை இல்லை. அவள் துடுப்புச் சத்தம் மட்டும் அவளுக்கே அசிங்கமாக, பெரிதாகக் கேட்டது.

"கொசு!"

நிறுத்திக் கேட்டாள்.

"கொசு! வக்கீலு! ஒரு குரல் குடுங்கடா!"

ஒன்றும் இல்லை. ஒரு பறவைகூட இல்லை.

முகத்தில் கோரைப் புல் உரசியது. நெருங்கிவிட்டாள். கணுக்கால்வரை தண்ணீர். இன்னும் நாலு இழுப்பு.

மரம் மரத்தில் இடித்தது.

ஏழு தோணிகளும் அங்கே இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி. துடுப்புகள் உள்ளே நேராக வைக்கப்பட்டிருந்தன. ஆள் இல்லை. பிள்ளைகளின் ஒவ்வொரு தோணியிலும் இரண்டு ஜோடிச் சின்னச் செருப்புகள். ஒழுங்காக. வகுப்புக்குள் போகுமுன் வெளியே கழற்றி விட்டது போல.



தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எங்கோ வெயில் ஏறியது. பனி ஒரு இடத்தில் கிழிந்தது. வெளிச்சம் சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கியது. இரண்டு ஆள் ஆழம். அடியில் வெள்ளை மணல்.

மணலில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

வட்டமாக. சம்மணம் போட்டு. பன்னிரண்டு பேரும். தலைமுடி மேல்நோக்கி எழுந்து மெல்ல ஆடியது. கண்கள் திறந்திருந்தன. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

நடுவில் நீலச் சட்டை. இடுப்பில் ஒரு கை. மறு கை தண்ணீரில் கோடு போட்டது. வக்கீல் கையைத் தூக்கினான். ஏதோ கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வாய் விட்டு, தோள் குலுங்க.

சத்தம் இல்லை.

துடுப்பக்கா தண்ணீருக்குள் கையை விட்டாள். முழங்கைவரை. தோள்வரை. விரல்களை விரித்து எட்டினாள். அவளுடைய நிழல் நீண்டு இறங்கி, மணலில், பிள்ளைகளின்மேல் விழுந்தது.

கொசு அண்ணாந்து பார்த்தாள்.

அந்தச் சின்ன முகம் கோணியது. எழுந்து ஓடினாள். நீலச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மேலே கை காட்டினாள். பன்னிரண்டு தலைகளும் நிமிர்ந்தன. பன்னிரண்டு வாய்களும் அலறலாகத் திறந்தன. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, நீலச் சட்டைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்கள்.

நீலச் சட்டைக்காரி இரண்டு கைகளையும் அகல விரித்தாள். பிள்ளைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மெல்ல நிமிர்ந்தாள்.

துடுப்பக்காவின் முகம். அதே புருவம், அதே உதடு, தூக்கம் கெட்ட அதே கண்கள். அந்த முகம் முழுவதும் பயம் அப்பிக்கிடந்தது. மேலேயிருந்து நீண்டு வரும் கையைப் பார்த்துக்கொண்டே, அது பிள்ளைகளோடு பின்னால், இன்னும் ஆழத்துக்கு, ஒவ்வொரு அடியாக நகர ஆரம்பித்தது.